ஒரே முதலாளி, இரண்டு ராட்டினம்

சென்னைக்கு வொண்டர்லா தீம் பார்க் வந்தேவிட்டது. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில், 2025 டிசம்பர் 2ஆம் தேதியிலிருந்து டிக்கெட் கொடுக்கிறார்கள். 64 ஏக்கர், 600 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு. செய்தி வந்த வாரம் எங்கள் கம்பெனி கேன்டீனில் மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருவர் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "ஏன் சார், பெங்களூர்லயும் அவங்க பார்க்தான், இங்கயும் அவங்க பார்க்தான். நம்ம ஆளுங்க எல்லாம் இங்கயே போயிட்டா அங்க யார் போவா? தன் கடைக்கு எதிர்லயே தானே கடை போட்ட கதையா இல்ல இருக்கு?"

அவர் சும்மா கேட்கவில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குக் கம்பெனி டூர் என்றாலே பிடதிதான் முதலில் நினைவுக்கு வரும். பெங்களூரு தாண்டி மைசூரு சாலையில், 2005இல் திறந்த வொண்டர்லா. குன்றத்தூர் தேரடியில் ராத்திரி பஸ் ஏறினால் ஸ்ரீபெரும்புதூர் டோல், வாலாஜா, ஆம்பூர், கிருஷ்ணகிரி, ஒசூர் என்று விடிய விடியப் பாட்டு. காலையில் ஏதாவது ஒரு மண்டபத்தில் பல் தேய்த்துக் குளித்து, கேட் திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும். மறுநாள் மைசூரு அரண்மனை, சாமுண்டி மலை. திரும்பும்போது எல்லார் பையிலும் மைசூர்பாகு, தோளில் வெயிலில் காய்ந்த ஈரத் துண்டு. டூர் கமிட்டியில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்த அட்டவணையில் ஒரு வரி மாற்றவும் யாரும் விட மாட்டார்கள்.

கேள்விக்கு என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரே முதலாளியின் பார்க்குகள் ஒன்றோடொன்று நிறையவே மோதிக்கொள்கின்றன: முதலாளியின் பணத்துக்கு, புது ராட்டினத்துக்கு, நம்முடைய லீவு நாளுக்கு. டிக்கெட் விலையில் மட்டும் மோதுவதில்லை. நமக்கு ஆதாயம் தரக்கூடியது அந்த ஒரு போட்டிதான். அதை மட்டும் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

வரைபடத்தில் பார்த்தால் வொண்டர்லாக்காரர்கள் யோசித்துத்தான் இடம் பிடித்திருக்கிறார்கள். வி-கார்டு ஸ்டெபிலைசர் விற்ற கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000இல் கொச்சி பக்கம் பள்ளிக்கரையில் வீகாலாண்ட் என்று ஒன்றைத் திறந்தார். பிராண்டின் பெயரையே பார்க்குக்கு வைத்துவிட்டார். பின்னால்தான் அது வொண்டர்லா கொச்சி ஆனது. 2005இல் பிடதி, 2016இல் ஹைதராபாத், 2024இல் புவனேஸ்வர், இப்போது நம்மூர். எந்த இரண்டு பார்க்கை எடுத்தாலும் நடுவே ஒரு ராத்திரிப் பயணம் இருக்கிறது. காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பும் குடும்பத்துக்கு ஒன்று மட்டும்தான் எட்டும்.

சிக்கல் நடுவில் இருக்கும் ஊர்களுக்குத்தான். ஒசூர்க்காரர் இள்ளலூருக்கு வரப்போவதில்லை, காஞ்சிபுரத்துக்காரர் இனி பிடதிக்குப் போகப்போவதில்லை. என் கணக்கில் எல்லைக்கோடு ஆம்பூர் வாக்கில் விழும். பிரியாணி சாப்பிட்டுவிட்டு அங்கிருந்து இடது வலது பார்த்துக்கொள்ளலாம். வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சி, நம் தொழிற்பேட்டைகள், சென்னை முழுவதும் அக்கா வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்கு மாறிய மாதிரிதான். அந்த அளவில் மெயின்டனன்ஸ் அண்ணன் சொன்னது சரி.

ஆனால் இதைக் கம்பெனி நஷ்டமாகப் பார்க்காது. தமிழ்நாட்டிலிருந்து பிடதிக்குப் போனவர்கள் பார்க்கை மட்டும் பார்க்கப் போகவில்லை. மைசூரையும் சேர்த்துத்தான் போனார்கள். மைசூர் ஆசை இருக்கும்வரை அந்த பஸ்களில் ஒரு பகுதி ஓடிக்கொண்டுதான் இருக்கும். இன்னொரு பக்கம், பிடதிக்குப் போகவே முடியாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். ராத்திரி வெளியே தங்குகிற டூர் என்றால் ஊரில் அம்மாவுக்குப் போன் போட்டு, அப்பாவிடம் பேசவைத்து, வார்டனிடம் எழுதிக் கொடுத்து, அதற்குள் டூரே முடிந்துவிடும். காலையில் போய் ராத்திரி எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம் என்றால் கதையே வேறு. அவர்கள் பிடதியிடமிருந்து பறித்த கூட்டம் இல்லை. புதுக் கூட்டம்.

நிஜமாகவே அடி வாங்கியவர் யார் என்று கேட்டால், எங்கள் தெரு டிராவல்ஸ்காரரைக் காட்டுவேன். போன மாதம் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எப்படிண்ணே இருக்கு டூர் பிசினஸ்?"

"என்னத்த சொல்றது சார். பிடதின்னா ரெண்டு ராத்திரி, கர்நாடகா பெர்மிட், ரெண்டு டிரைவர் பேட்டா, கிலோமீட்டர் ஓடும். இள்ளலூர்னா காலைல ஆறு மணிக்கு எடுத்து, அவுட்டர் ரிங் ரோடு புடிச்சு வண்டலூர், கேளம்பாக்கம்னு போயி ராத்திரி ஒன்பதுக்குள்ள எறக்கி விட்டுடலாம். உங்களுக்கு மிச்சம். எனக்கு அது லோக்கல் ட்ரிப் சார், ஸ்கூல் வண்டி ஓட்டுற மாதிரி."

சகோதரப் பார்க்குகளின் போட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஓட்டல்களையும்தான்.

இனி முதலாளியின் பணத்துக்கு நடக்கும் போட்டி. வெளியே தெரியாது, ஆனால் அதுதான் கடுமையானது. சென்னை பார்க்குக்கு நிலம் வாங்கிப் போட்டுப் பல வருஷம் ஆகியும் வேலை நகரவில்லை. காரணம் வரி. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது தீம் பார்க் டிக்கெட்டுக்கு 28 சதவீதம். 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். தமிழ்நாட்டில் அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி 10 சதவீதம். அதிலிருந்து பத்து ஆண்டு விலக்கு கிடைத்த பிறகே இள்ளலூரில் வேலை சூடுபிடித்தது. இதற்கிடையில், பின்னால் பேச்சு தொடங்கிய புவனேஸ்வரில் ஒடிசா அரசு நீண்ட காலக் குத்தகைக்கு நிலமும் கொடுத்தது. அங்கே 2024 மே மாதமே ராட்டினம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பந்தியில் முதலில் உட்கார்ந்தவருக்குக் கடைசியில் இலை விழுந்தது. போட்டி என்றால் இதுவும் போட்டிதானே? இதில் புவனேஸ்வர் பார்க்கும் சென்னை பார்க்கும் ஒன்றுமே செய்யவில்லை. இரண்டு மாநில அரசுகள்தான் அவற்றுக்காக மோதின.

அந்தத் தாமதத்துக்கு வட்டியும் சேர்த்துக் கிடைத்திருக்கிறது. தஞ்சோரா என்ற கோஸ்டர் இங்கேதான் வந்தது. சுவிட்சர்லாந்தின் பொல்லிகர் அண்ட் மபில்லார்டு செய்தது. தண்டவாளம் தலைக்கு மேலே, நாம் கீழே தொங்குகிறோம், காலுக்கு அடியில் தரை கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். கால் ஆடுகிற ஆட்டத்துக்குச் செருப்பு திருப்போரூர் குளத்தில் போய் விழும். அக்காமார் மூன்று பேரிடமும், அதாவது கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத்தில், ரீகாயில் என்று முன்னால் ஓடி அதே வழியில் பின்னால் வரும் ஒரே மாதிரி கோஸ்டர் இருக்கிறது. மூன்று இடத்திலும் ஒரே ராட்டினம் என்றால் ஒன்றைப் பார்த்தவர் இன்னொன்றுக்கு எதற்குப் போகிறார்? தஞ்சோரா வந்த பிறகு பெங்களூருப் பையன்கள் இந்தப் பக்கம் பஸ் ஏற ஒரு காரணம் வந்திருக்கிறது. பிடதி மேனேஜராக நான் இருந்தால் அடுத்த பட்ஜெட் மீட்டிங்கில் அதைத்தான் கேட்பேன்.

மேனேஜர் என்றதும் ஒரகடம் ஞாபகம் வருகிறது. சகோதரச் சண்டைக்கு நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ரெனோ-நிசான் ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. 2010இல் தொடங்கிய ஆலை. நிசான் மைக்ராவும் ரெனோ பல்ஸும் உள்ளே ஒரே வண்டி, வெளியே முகம் வேறு. சன்னிக்கு ஸ்காலா, டஸ்டருக்கு டெரானோ. 2012இல் டஸ்டர் பிய்த்துக்கொண்டு போனது. அடுத்த வருஷம் கொஞ்சம் கூடுதல் விலையில் டெரானோ வந்தது, டஸ்டரைத் தொடக்கூட முடியவில்லை. மைக்ராவுக்கு முன்னால் பல்ஸ் சோடைபோனது. ஒரே ஆலையில் பிறந்தாலும் இந்த வண்டிகள் நிஜமாகவே ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டன, ஏனென்றால் ஷோரூம் வேறு, டீலர் வேறு, டீலரின் கடன் வேறு. பல்லாவரத்து நிசான் டீலருக்கு ரெனோ வண்டி விற்றால் சோறு கிடைக்காது. 2025இல் ஆலையிலிருந்த நிசானின் 51 சதவீதப் பங்கையும் ரெனோவே வாங்கிக்கொண்டது. அப்புறமும் நிசான் மேக்னைட்டும் ரெனோ கைகரும் ஒரே ஆலையிலிருந்துதான் வெளியே வருகின்றன, டீலர்கள் தள்ளுபடி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதில் வாங்குபவருக்கு லாபம் உண்டு.

தீம் பார்க்கில் டீலர் கிடையாது. பணம் எந்த கேட்டில் விழுந்தாலும் போய்ச் சேரும் பெட்டி ஒன்று. பார்க் மேனேஜருக்கு டார்கெட் உண்டு, பக்கத்து பார்க் மேனேஜரை முந்த ஆசையும் இருக்கும். ஆனால் டிக்கெட்டை நூறு ரூபாய் குறைத்து அக்கா வீட்டுக் கூட்டத்தைத் தூக்கினால் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டா வரும்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் காப்பர்வெல்டு வழக்கில் இதையே சட்டமாகச் சொன்னது: தாய்க் கம்பெனியும் அதற்கு முழுக்கச் சொந்தமான துணைக் கம்பெனியும் ஒரே ஆள்தான், அவை கூடிச் சதி செய்ததாகவே வழக்குப் போட முடியாது. சட்டத்தின் கண்ணுக்கே அங்கே இரண்டு பேர் தெரியவில்லை.

தூரம் குறைந்தால் இந்தக் கதை கொடூரமாகிறது. ஒஹையோ மாநிலத்தில் ஜியாகா லேக் என்று ஒரு பழைய பார்க், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருந்தது. அதே மாநிலத்தில் சீடர் பாயின்ட், கோஸ்டர் பித்தர்களின் திருப்பதி. சீடர் பாயின்டை வைத்திருந்த சீடர் ஃபேர் கம்பெனி 2004இல் ஜியாகா லேக்கையும் 145 மில்லியன் டாலருக்கு வாங்கியது. போட்டியாளராக இருந்தது தங்கையானது. 2007 சீசன் முடிந்ததும் ராட்டினங்களை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் விளையாட்டுப் பகுதி மட்டும் 2016 வரை ஓடியது. டாமினேட்டர் என்ற பெரிய கோஸ்டரைப் பிரித்து லாரியில் ஏற்றி வர்ஜீனியாவில் இருந்த இன்னொரு சகோதரப் பார்க்குக்கு அனுப்பினார்கள். வெளியாள் கையில் இருந்தவரை ஜியாகா லேக் சீடர் பாயின்டுக்குத் தொல்லை. சொந்தக்காரியான பிறகு உதிரி பாகக் கிடங்கு.

அந்தச் சீடர் ஃபேரும் சிக்ஸ் ஃபிளாக்ஸும் 2024 ஜூலையில் ஒன்றானார்கள். 27 தீம் பார்க், 15 வாட்டர் பார்க், மொத்தம் 42. நேற்றுவரை எதிரெதிராக பேனர் கட்டியவர்கள் இன்று ஒரே குடும்பம். ஒன்றரை வருஷத்துக்குள், 2025 நவம்பர் 2ஆம் தேதி, மேரிலாண்டில் இருந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் அமெரிக்காவை மூடினார்கள். அண்டை மாநிலத்தில் கிங்ஸ் டொமினியன் இருக்கிறது, டாமினேட்டர் போய்ச் சேர்ந்த அதே பார்க். இரண்டு வேறு முதலாளிகளிடம் இருந்திருந்தால் மேரிலாண்டுக்காரர் விலையைக் குறைத்தாவது இன்னும் கொஞ்ச காலம் இழுத்திருப்பார் என்பது என் ஊகம். அங்கே சீசன் பாஸ் முறை வேறு இருக்கிறது. கூடுதலாகக் கட்டினால் அதே பாஸில் மற்ற சகோதரப் பார்க்குகளுக்கும் போகலாம். பாஸ் வாங்கியவர் எந்தப் பார்க்கில் போய் ஆடினாலும் கம்பெனிக்குக் காசு வந்தாயிற்று.

பக்கத்திலேயே வைத்து வெற்றி பெற்றவர்களும் உண்டு. அதற்கு ஒன்றுக்கொன்று முகம் மாறியிருக்க வேண்டும். கலிபோர்னியாவில் 1955இன் டிஸ்னிலாண்டுக்கு எதிரே, அதன் பழைய பார்க்கிங் இடத்திலேயே 2001இல் டிஸ்னி இரண்டாவது பார்க்கைத் திறந்தது. ஜனங்கள் மூத்தவளிடமே போனார்கள். நூறு கோடி டாலருக்கு மேல் கொட்டி, 2012இல் கார்ஸ் லேண்டுடன் புதிதாகத் திறந்த பிறகே இளையவளுக்கு விடிவு வந்தது. லண்டன் பக்கத்தில் மெர்லின் கம்பெனி இதைச் சுலபமாகச் செய்கிறது: சின்னப் பிள்ளைகளும் மிருகக்காட்சி சாலையும் செஸிங்டனுக்கு, கத்துகிற விடலைகள் தோர்ப் பார்க்குக்கு. நம் ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபிக்காரர்களும் ஏறக்குறைய இதையே செய்கிறார்கள். யூனிவர்சல் கிங்டம் ஒரு பகல் முழுக்க, 2019இல் வந்த மரைன் கிங்டமின் மீன் சுரங்கம் ஒன்றிரண்டு மணி நேரம், பனிக்கு ஸ்னோ கிங்டம். தனித்தனி டிக்கெட், ஒரே சாலை. மீன் பார்க்கப் போனவர் ராட்டினத்தைக் கைவிடவில்லை, பர்ஸை இன்னொரு தடவை திறக்கிறார், அவ்வளவுதான்.

மகாராஷ்டிராவில் ஒரு உதாரணம் இருக்கிறது, அதைத்தான் நான் கவனித்து வருகிறேன். மும்பை - புனே சாலையில், கோபோலி பக்கம் 2013இல் மன்மோகன் ஷெட்டி தொடங்கிய இமாஜிகா கடனில் மூழ்கியது. 2022இல் மால்பானி குழுமம் அதைத் தூக்கி எடுத்தது. மால்பானிக்கு ஏற்கெனவே லோனாவலாவில் வெட் அண்ட் ஜாய் என்ற வாட்டர் பார்க் இருந்தது. இமாஜிகாவிலும் ஒரு வாட்டர் பார்க் உண்டு. மும்பைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்தால் இரண்டும் ஒரே வழி. முன்பு இரண்டு கம்பெனிக்காரர்களும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக அடித்துக்கொண்டார்கள். இப்போது இரண்டும் ஒரே வீட்டில். மூடிவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை, மும்பையும் புனேயும் இரண்டையும் நிரப்பக்கூடிய ஊர்கள். ஆனால் 'இமாஜிகாவைவிடக் குறைவு' என்று ஒரு விளம்பரம் இனி லோனாவலாவில் வராது.

குன்றத்தூர் மலைமேல் முருகன் கோயில் வாசலில் நின்று யோசித்தால் நம் பக்கம் எவ்வளவு அதிர்ஷ்டம் என்று தெரியும். தாம்பரம் மேற்கே கிஷ்கிந்தா, இந்தியாவின் முதல் 3டி படமான மை டியர் குட்டிச்சாத்தானை எடுத்த நவோதயா அப்பச்சன் 1995இல் கட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால் பழஞ்சூரில் குயின்ஸ்லேண்ட். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி, முட்டுக்காட்டில் எம்ஜிஎம். எல்லாம் வேறு வேறு முதலாளிகள். என் வயதுக்காரர்களுக்கு ஸ்கூல் டூர் என்றால் இவற்றில் ஒன்றுதான். ஆசிரியர் எந்தப் பார்க்கில் சாப்பாடும் சேர்த்துத் தருகிறார்கள் என்று விசாரித்துத்தான் முடிவு செய்வார். அந்த விசாரணைதான் போட்டி. நம் ஷிப்ட்காரர்களுக்கு இன்னொரு பலமும் இருக்கிறது: வாரத்தின் நடுவில் ஓய்வு கிடைக்கும். சனி, ஞாயிறு கூட்டத்துக்கு எந்தப் பார்க்கும் இறங்கி வராது. புதன்கிழமை காலியாகக் கிடக்கும் வேவ் பூலுக்கு ஒரு பஸ் ஆள் வருகிறார்கள் என்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

வொண்டர்லா ஒவ்வொரு காலாண்டும் பார்க் வாரியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிவிக்கிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரையுள்ள லீவுக் காலத்தில் பெங்களூருவின் எண்ணிக்கையைப் பாருங்கள். கேன்டீன் கேள்விக்குப் பதில் அதில் தானாக வரும். கொஞ்சம் இறங்கும், அடுத்த புது ராட்டினம் வந்ததும் ஏறிவிடும் என்பது என் கணிப்பு.

இந்த வருஷம் டூர் கமிட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிடதி ரேட்டைக் காட்டி இள்ளலூரிலோ, இள்ளலூர் ரேட்டைக் காட்டிப் பிடதியிலோ பேரம் பேசிப் பயனில்லை. இரண்டு போனையும் எடுப்பது ஒரே வீடு. குயின்ஸ்லேண்டிலோ விஜிபியிலோ எம்ஜிஎம்மிலோ சாப்பாட்டோடு ஒரு கொட்டேஷனை எழுத்தில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாயோ புதனோ தேதி கேளுங்கள். பஸ்ஸுக்கு எங்கள் தெருக்காரரைக் கூப்பிடுங்கள், முகூர்த்த நாளாக மட்டும் இருக்க வேண்டாம்; கல்யாணக் கூட்டத்தில் தேரடியில் வண்டியைத் திருப்ப முடியாது.